மண்ணின் சூடும் காற்றின் ஈரமும்: விண்ணிலிருந்து அளப்பது எவ்வாறு?

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவிய நாள்களில், கடை வாயிலிலும் மருத்துவமனை வாயிலிலும் நம்மை நிறுத்தி, நெற்றிக்கு நேரே சிறு கருவி ஒன்றைப் பிடித்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அக்கருவி நம் நெற்றியைத் தொடவில்லை. அதில் பாதரசமும் இல்லை. ஆயினும் ஒரே நொடியில் நம் உடம்பின் சூட்டை எண்ணில் காட்டியது. நெற்றிக்கும் கருவிக்கும் இடையே நான்கு விரற்கடை தூரந்தான் இருந்தது.

அந்த நான்கு விரற்கடை 705 கிலோமீட்டர் ஆனால் என்ன செய்வது? 36,000 கிலோமீட்டர் ஆனால்? இடையில் காற்றும் நீராவியும் தூசியும் மேகமும் வந்து நின்றால்? அவ்வளவு உயரத்தில் இயங்கும் செயற்கைக்கோள்கள் வயலின் சூட்டையும் நகரின் சூட்டையும் அளந்து சொல்கின்றன. அத்துடன், தமக்கும் நிலத்துக்கும் நடுவே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகின்றன. இது எவ்வாறு இயலும்? அவை தரும் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்? இவ்விரண்டு வினாக்களுக்கும் இக்கட்டுரையில் படிப்படியாக விடை காண்போம். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஏன் அளக்க வேண்டும்?

கோடையில் நம் உடலைக் காப்பது வியர்வை. வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. காற்று உலர்ந்திருந்தால் வியர்வை விரைவில் ஆவியாகும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். வியர்வை வழிந்தோடுமே தவிர உடல் குளிராது. ஆகவே, "இன்று எத்தனை டிகிரி?" என்று மட்டும் கேட்பது போதாது, "காற்றில் ஈரம் எவ்வளவு?" என்றும் கேட்க வேண்டும்.

2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் குஜராத்தைச் சேர்ந்த அகமதாபாத் நகரில் கடும் வெப்ப அலை வீசியது. அம்மாதத்தில் வழக்கமான எண்ணிக்கையைவிட 1,344 இறப்புகள் மிகுதியாக நிகழ்ந்தன எனப் பின்னர் ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். அந்தப் பாடத்தைக் கற்ற நகரம், 2013-இல் வெப்பத்தை எதிர்கொள்ள ஒரு செயல்திட்டம் வகுத்தது. தெற்காசியாவில் இத்தகைய திட்டங்களுள் அதுவே முதலாவதாகும்.

எச்சரிக்கை விடுப்பதற்கும், தண்ணீர்ப் பந்தல் வைப்பதற்கும், மரம் நடுவதற்கும் எந்தப் பகுதியில் சூடு அதிகம் என்பது தெரிய வேண்டும். நகரின் ஒரு மூலையில் வைத்துள்ள ஒரு வெப்பமானி, தகரக் கூரைகள் நெருங்கிய மற்றொரு மூலையின் நிலையைச் சொல்லாது. எல்லாத் தெருக்களிலும் வெப்பமானி வைப்பதும் எளிதன்று. நகர் முழுவதையும் ஒரே பார்வையில் பகுதி பகுதியாகக் காண வல்லது வானத்தில் உள்ள கண்தான். அக்கண் எதைப் பார்க்கிறது என்று முதலில் அறிவோம்.

எல்லாப் பொருளும் கதிர் வீசுகின்றன

1800-ஆம் ஆண்டில் வானியல் அறிஞர் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகக் கண்ணாடியால் சூரிய ஒளியை வண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி மிக நன்றாகச் சூடேறியது. கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் அங்கே விழுகின்றன என்று அவர் உணர்ந்தார். அவற்றையே இன்று அகச்சிவப்புக் கதிர்கள் என்கிறோம்.

சூரியன் மட்டுமன்று, வெப்பமுள்ள ஒவ்வொரு பொருளும் கதிர் வீசுகிறது. நாம் வீசுகிறோம், இந்தத் தாள் வீசுகிறது, பனிக்கட்டியும் வீசுகிறது. இதில் இரண்டு விதிகளை நினைவில் வைத்துக்கொள்வோம்.

முதலாவது, பொருள் எவ்வளவு சூடாக உள்ளதோ அவ்வளவு குறுகிய அலைநீளத்தில் அதன் கதிர்வீச்சு உச்சம் அடையும். இது வீன் என்பாரின் விதி. 2,898 என்ற எண்ணைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் உச்ச அலைநீளம் மைக்ரானில் கிடைக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,800 கெல்வின். ஆகவே உச்சம் 0.5 மைக்ரான். அது நம் கண் காணும் ஒளி. நம் தரையின் வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின் எனக் கொண்டால், உச்சம் 9.7 மைக்ரான் அருகே அமையும். அது கண் காணாத அகச்சிவப்பு.

இரண்டாவது, சூடு ஏற ஏறக் கதிர்வீச்சின் அளவு மிக வேகமாகப் பெருகும். இது ஸ்டீபன், போல்ட்ஸ்மன் இருவர் பெயரால் வழங்கும் விதி. 300 கெல்வினில் உள்ள கரும்பொருள் ஒரு சதுர மீட்டரிலிருந்து 459 வாட் வீசும். 310 கெல்வினில் 524 வாட் வீசும். வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்ததற்கே கதிர்வீச்சு ஏழில் ஒரு பங்கு கூடிவிட்டது. ஆகவே கதிர்வீச்சைச் சரியாக அளந்தால் வெப்பநிலையைக் கணக்கிட்டுவிடலாம். நெற்றிக்கு நேரே பிடித்த கருவி செய்ததும் இதுவே. செயற்கைக்கோள் செய்வதும் இதுவே.

நடுவில் தொங்கும் திரை

நெற்றியிலிருந்து கருவிக்கு வரும் கதிர் நான்கு விரற்கடை காற்றையே கடந்தது. தரையிலிருந்து செயற்கைக்கோளுக்குப் போகும் கதிரோ முழு வளிமண்டலத்தையும் கடக்க வேண்டும். அவ்வழியில் அதைப் பிடித்து விழுங்குவதில் முதல் இடம் நீராவிக்கே உரியது.

ஈரக்காற்றும் வெப்பமும் எவ்வாறு தொடர்புடையன என்று ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒரு பெண்மணியை இங்கே நினைவுகூர வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த யூனிஸ் ஃபுட், கண்ணாடி உருளைகளில் உலர்ந்த காற்று, ஈரக்காற்று, கரியமில வாயு ஆகியவற்றை நிரப்பி வெயிலில் வைத்து, உள்ளே வைத்த வெப்பமானிகளைப் பார்த்துக் குறித்தார். உலர்ந்த காற்றைவிட ஈரக்காற்றும், அவை இரண்டையும்விடக் கரியமில வாயுவும் அதிகம் சூடேறக் கண்டார். 1856-இல் ஆல்பனி நகரில் கூடிய அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் கூட்டத்தில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. வாசித்தவர் அவரல்லர்; ஜோசப் ஹென்றி என்ற பேராசிரியர். அதன்பின் நூறாண்டுகளுக்கு மேல் அவர் பெயர் மறக்கப்பட்டே கிடந்தது. 1859-இல் ஆய்வைத் தொடங்கிய ஜான் டிண்டல், நீராவி வெப்பக் கதிர்களை விழுங்குகிறது என்பதைத் தனியாக அளந்து காட்டினார்.

நீராவி எல்லா அலைநீளங்களையும் ஒரே அளவில் விழுங்குவதில்லை. 6 மைக்ரான், 7 மைக்ரான் பக்கத்தில் பெரும்பசியோடு விழுங்கும். 15 மைக்ரான் அருகே கரியமில வாயு வழியை அடைத்துக்கொள்கிறது. நல்லவேளையாக, 8 முதல் 14 மைக்ரான் வரை வழி ஓரளவு திறந்திருக்கிறது. இதற்கு வளிமண்டலச் சாளரம் என்று பெயர். அச்சாளரத்திலும் 9.6 மைக்ரான் அருகே ஓசோன் ஒரு கம்பி போலக் குறுக்கே நிற்கிறது. எனவே அறிஞர்கள் பெரும்பாலும் 10.5 மைக்ரானுக்கும் 12.5 மைக்ரானுக்கும் இடைப்பட்ட பகுதியைத் தேர்ந்துகொள்கிறார்கள்.

அச்சாளரத்திலும் ஒரு மெல்லிய திரை உண்டு. நீராவி அங்கேயும் சிறிது கதிரை விழுங்கி, அதற்கு ஈடாகத் தன் கதிரை வீசுகிறது. நீராவியோ பெரும்பாலும் தரையைவிடக் குளிர்ந்த உயரத்தில் இருப்பது. ஆகவே அது வீசுவது, விழுங்கியதைவிடக் குறைவு. இதன் விளைவு என்ன? வெயில் காயும் நிலம் செயற்கைக்கோளுக்கு உண்மையைவிடக் குளிர்ச்சியாகத் தோன்றும். உலர்ந்த பாலைவனத்தில் இந்த வேறுபாடு சிறிது. ஈரம் மிகுந்த கடற்கரை நாடுகளில் அது பல டிகிரிகளாகிவிடும்.

இரண்டு சாளரங்களின் வழியே பார்த்தல்

திரை எவ்வளவு தடித்தது என்று தெரிந்தால் குறைந்ததைக் கூட்டிக்கொள்ளலாம். அது தெரியாவிட்டால்? இங்கேதான் ஓர் அழகிய யுக்தி வருகிறது.

11 மைக்ரானிலும் 12 மைக்ரானிலும் நீராவி சற்று வெவ்வேறு அளவில் விழுங்குகிறது. 12 மைக்ரானில் அதிகம். 11 மைக்ரானில் குறைவு. ஆகவே ஒரே நிலத்தை ஒரே நேரத்தில் இரண்டு அலைநீளங்களிலும் பார்த்தால், 12 மைக்ரானில் நிலம் இன்னும் சற்றுக் குளிர்ச்சியாகத் தோன்றும். காற்று உலர்ந்திருந்தால் இரண்டு எண்களும் நெருங்கியிருக்கும். ஈரம் மிகுந்திருந்தால் விலகியிருக்கும். அந்த விலக்கமே திரையின் தடிப்பைக் காட்டும் அடையாளம். இதற்குப் பிளந்த சாளர முறை என்று பெயர். 1981-இல் ஏவப்பட்ட நோவா-7 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் இவ்விரு அலைவரிசைகளையும் சுமந்து சென்றது. கடல் நீரின் சூட்டை அறிவதற்கென வளர்ந்த இம்முறையை, ஜான் பிரைஸ் என்பவர் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் நிலத்துக்கும் பயன்படுத்திக் காட்டினார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 11 மைக்ரானில் ஒரு வயல் 302.0 கெல்வின் எனத் தோன்றுகிறது. 12 மைக்ரானில் 300.5 கெல்வின் எனத் தோன்றுகிறது என வைத்துக்கொள்வோம். வேறுபாடு 1.5. பிரைஸின் முறைப்படி இவ்வேறுபாட்டை 3.33 ஆல் பெருக்க வேண்டும், விடை 5.0. இதை முதல் எண்ணோடு கூட்டினால் 307.0 கெல்வின். அதாவது ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸ். திரையை மறந்து முதல் எண்ணையே நம்பியிருந்தால் 29 டிகிரி என்று எழுதியிருப்போம். ஐந்து டிகிரி பிழை! காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு ஐந்து டிகிரி குறைத்துச் சொல்லும் வெப்பமானியை எந்தத் தாய் வைத்துக்கொள்வாள்?

திரையே தன் கதையைச் சொல்லுகிறது

இதுவரை நீராவியை இடையூறாகவே எண்ணினோம். அறிஞர்கள் அதையே அளக்கும் பொருளாக மாற்றிக்கொண்டார்கள். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் கிளீஸ்பீஸ், மெக்மில்லின் என்னும் இருவர் காட்டிய வழி, சிறு பெண்களுக்கும் விளங்கக் கூடியது.

அருகருகே ஒரு வெறும் பாறையும் ஒரு நனைந்த வயலும் இருப்பதாகக் கொள்வோம். நண்பகலில் பாறை சுடும், வயல் குளிர்ந்திருக்கும். இரண்டின் மேலும் நிற்பது ஒரே காற்றுதான். பாறைக்கும் வயலுக்கும் உள்ள உண்மை வேறுபாடு 10 டிகிரி என்க. திரையைக் கடந்து செயற்கைக்கோளை அடையும்போது இவ்வேறுபாடு சுருங்கிவிடும். 11 மைக்ரானில் அது 8 டிகிரியாகவும், 12 மைக்ரானில் 7 டிகிரியாகவும் தெரிகிறது என வைத்துக்கொள்வோம். 7-ஐ 8-ஆல் வகுத்தால் 0.875. காற்று முற்றிலும் உலர்ந்திருந்தால் இந்த விகிதம் 1-ஐ நெருங்கும். ஈரம் கூடக் கூட 1-இலிருந்து இறங்கும். இதில் வியப்பு யாதெனில், உண்மை வேறுபாடு 10 டிகிரி என்பது நமக்குத் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை! 7-உம் 8-உம் தெரிந்தால் போதும். காற்றின் ஈரத்தைக் கணிக்கலாம்.

அந்த ஈரத்தை எந்த அலகில் சொல்வது? தரையிலிருந்து வானம் வரை நிற்கும் காற்றுத்தூணில் உள்ள நீராவி அனைத்தும் நீராக மாறித் தரையில் தேங்கினால் எத்தனை மில்லிமீட்டர் உயரம் நிற்கும் என்று சொல்வது வழக்கம். உலகம் முழுவதற்கும் சராசரி ஏறத்தாழ 25 மில்லிமீட்டர். ஈரம் நிறைந்த வெப்பமண்டலத்தில் 50 மில்லிமீட்டரையும் கடக்கும். துருவக் குளிரில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் ஈரமுள்ள நாளில் அந்த அறையின் பரப்புக்கு மேலே வானம் வரை 2,400 லிட்டர் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது!

நம் நாட்டு முயற்சிகள்

இத்துறையில் நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. 1979 ஜூன் 7-இல் ஏவப்பட்ட பாஸ்கரா-1 செயற்கைக்கோளில் நுண்ணலைக் கருவி ஒன்று இருந்தது. நீராவி நுண்ணலைகளில் 22 கிகாஹெர்ட்ஸ் அருகே தன் அடையாளத்தைக் காட்டும். அதைக் கொண்டு கடல்களின் மேலுள்ள நீராவியை அளக்க முயன்றார்கள். வெப்பக் கதிர்கள் மேகத்தை ஊடுருவ மாட்டா, நுண்ணலைகள் ஊடுருவும். ஆகவே வானம் மூடியிருக்கும் மழைக்காலத்தில் நுண்ணலையே கைகொடுக்கும்.

2013 ஜூலை 26-இல் இன்சாட்-3டி, 2016 செப்டம்பர் 8-இல் இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரி 17-இல் இன்சாட்-3டிஎஸ் என வானிலைச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏவப்பட்டன. இவை 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுழன்று, நம் நாட்டையே பார்த்தபடி நிற்பவை. நாம் மேலே கண்ட இரண்டு சாளரங்களும் இவற்றின் படக்கருவியில் உண்டு. மேலும் 19 அலைவரிசைகள் கொண்ட மற்றொரு கருவி, வளிமண்டலத்தின் வெவ்வேறு உயரங்களிலுள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் படிப்படியாக ஆராய்கிறது.

தாழ்வாகப் பறப்பவற்றின் பார்வை இவற்றினும் கூர்மையானது. 705 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்காவின் லேண்ட்சாட்-8, 100 மீட்டர் அளவுள்ள நிலத்துண்டின் வெப்பத்தைப் பிரித்தறியும். ஆனால் அதே இடத்துக்குத் திரும்பி வர 16 நாள்கள் ஆகும். இன்சாட் அடிக்கடி படமெடுக்கும். ஆனால் 4 கிலோமீட்டர் அளவுள்ள நிலத்துண்டை ஒரே புள்ளியாகத்தான் காணும். கூர்மை வேண்டுமானால் காத்திருக்க வேண்டும். அடிக்கடி வேண்டுமானால் கூர்மையை விட்டுக்கொடுக்க வேண்டும்.

எந்தச் சூடு?

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. செய்தியில் "இன்று 40 டிகிரி" என்று சொல்வது காற்றின் வெப்பநிலை. அது நிழலில், காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள், தலையளவு உயரத்தில் வைத்த வெப்பமானி காட்டுவது. செயற்கைக்கோள் சொல்வதோ நிலத்தின் மேல்தோலின் வெப்பநிலை. செருப்பின்றி நண்பகலில் தார்ச்சாலையில் கால் வைத்தவர்களுக்கு இவ்விரண்டின் வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

ஈரானின் லூத் பாலைவனத்தில் 2005-ஆம் ஆண்டில் நிலத்தின் சூடு 70.7 டிகிரி செல்சியஸை எட்டியதாக அக்வா என்ற செயற்கைக்கோளின் அளவுகள் காட்டின. செம்மைப்படுத்திய அளவுகளைக் கொண்டு 2021-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அங்கே 80.8 டிகிரி வரை பதிவானதாகக் கூறியது. ஆனால் உலகில் ஏற்றுக்கொள்ளப்பட்ட உச்சக் காற்று வெப்பநிலையோ, அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் 1913-இல் பதிவான 56.7 டிகிரிதான். மறுமுனையில், அண்டார்க்டிகாவின் வாஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21-இல் காற்று உறைநிலைக்குக் கீழே 89.2 டிகிரிக்கு இறங்கியது. அக்கண்டத்தின் உயர்ந்த பனிவெளியில் பனியின் மேல்தோல் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 98 டிகிரி வரை சென்றதாக 2018-இல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு கூறுகிறது. அங்கே காற்றில் நீராவி மிக அரிது. வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும் போர்வை இல்லாததால் பனி தன் வெப்பத்தையெல்லாம் விண்வெளிக்கு இறைத்துவிடுகிறது.

ஆகவே தரையின் சூட்டையும் காற்றின் சூட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, "சாதனை முறிந்தது" என்று எழுதுவது தவறாகும்.

பளபளக்கும் கூரை சொல்லும் பொய்

எல்லாப் பொருளும் ஒரே அளவு தாராளமாகக் கதிர் வீசுவதில்லை. முழுமையாக வீசும் கரும்பொருளை 1 எனக் கொண்டால், தண்ணீருக்கு ஏறத்தாழ 0.99, அடர்ந்த பசும்பயிருக்கு 0.98, வறண்ட வெறும் மண்ணுக்கு அதனினும் குறைவு, மெருகேற்றிய உலோகத்துக்கு 0.1-க்கும் கீழே. இதற்கு உமிழ்திறன் என்று பெயர். பிரைஸின் கணக்கில் உமிழ்திறனை நூற்றில் ஒரு பங்கு தவறாகக் கொண்டாலே விடை ஏறத்தாழ 0.7 டிகிரி பிசகிவிடும். நிலத்தில் எவ்வளவு பசுமை உள்ளது என்பதை வேறு அலைவரிசைகளால் பார்த்து, அதிலிருந்து உமிழ்திறனை மதிப்பிடுகிறார்கள்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பளபளப்பான எவர்சில்வர்ப் பாத்திரத்தில் பெரியவர்கள் உதவியோடு வெந்நீர் ஊற்றி, தொடாமல் அளக்கும் கருவியை அதன் பக்கவாட்டில் நீட்டுவோம். மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஒரு துண்டு கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டி, அது சூடேறியபின் அதன்மேல் நீட்டுவோம். எண் சட்டென்று உயரும். பாத்திரம் அதே பாத்திரம். நீரும் அதே நீர். மாறியது உமிழ்திறன் ஒன்றே.

இனி அகமதாபாத்தை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். புதிதாய் வேய்ந்த பளபளக்கும் தகரக் கூரை, வானிலிருந்து பார்க்கும்போது உள்ளதைவிடக் குளிர்ந்ததாகத் தோன்றக்கூடும். அதன் கீழே சமைத்துக்கொண்டும், பீடி சுற்றிக்கொண்டும், கைக்குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டும் இருக்கிற தாய்க்கோ அது கொதிக்கும் கூரை. உமிழ்திறனைக் கணக்கில் கொள்ளாதவர் தயாரிக்கும் வரைபடத்தில் அந்தத் தெரு நீல வண்ணத்தில் குளிர்ச்சியாகக் காட்சி தரும். உதவி வேறு தெருவுக்குப் போய்விடும். ஒரு தசம எண் தவறினால் யாருக்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

சரிபார்க்கும் பணி

ஆகவே வானிலிருந்து வரும் எண்ணைத் தரையில் நின்று சரிபார்க்கிறார்கள். அமெரிக்காவின் தாஹோ ஏரியில் 1999 முதல் மிதவைகளில் கருவிகளை வைத்து, செயற்கைக்கோள்கள் கடக்கும்போது நீரின் மேல்தோல் வெப்பத்தை அளந்து ஒப்பிட்டு வருகிறார்கள். காற்றின் ஈரத்தைச் சரிபார்ப்பதற்கு வானிலைப் பலூன்கள் உதவுகின்றன. சென்னை, காரைக்கால் போன்ற நிலையங்களிலிருந்து பறக்கும் இப்பலூன்கள், சிறு கருவி ஒன்றைச் சுமந்துகொண்டு மேலேறி, ஒவ்வொரு உயரத்திலும் உள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் வானொலி அலைகளால் அனுப்புகின்றன.

சரிபார்த்ததால் வெளிப்பட்ட ஒரு குறையையும் சொல்வோம். 2013-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட்-8 இன் வெப்பக் கருவிக்குள், அது பார்க்க வேண்டிய இடத்துக்கு வெளியிலிருந்தும் கதிர்கள் புகுந்தன. 12 மைக்ரான் பக்கத்து வரிசையே அதிகம் கெட்டது. தரையில் ஒப்பிட்டுப் பார்த்தபோது இது தெரிந்தது. அவ்வரிசையைப் பிளந்த சாளர முறைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். பின்னர்த் திருத்தும் வழியையும் கண்டார்கள். 2021-இல் ஏவிய லேண்ட்சாட்-9 இல் அக்குறையைக் களைந்தே அனுப்பினார்கள்.

நம் நாட்டில் இத்தகைய கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர் அன்னா மாணி அம்மையார். 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்வதற்கும், செய்த கருவிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கும், சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைப்பதற்கும் பாடுபட்டார். துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976-இல் ஓய்வு பெற்றார். யூனிஸ் ஃபுட்டின் கட்டுரையை வேறொருவர் வாசித்தார். அன்னா மாணியோ நாடு முழுவதற்கும் அளவுகோலை வகுத்துக் கொடுத்தார்.

முடிவாக

நனைந்த வயல் குளிர்ந்திருக்கும். நீரின்றி வாடும் பயிர் சூடேறும். இந்த எளிய உண்மையைக் கொண்டு அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒவ்வொரு வயலும் எவ்வளவு நீரைச் செலவிடுகிறது என்று லேண்ட்சாட்டின் வெப்பப் படங்களிலிருந்து கணக்கிடுகிறார்கள். நகரில் மரம் நடவும், வறட்சியை முன்கூட்டி அறியவும், மழை மேகம் உருவாகுமா என்று காணவும் இதே அளவுகள் துணை செய்கின்றன.

இப்பாடத்திலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியவை மூன்று வினாக்கள். எந்த எண்ணைக் கண்டாலும், "இது உண்மையில் எதை அளந்தது? அளந்தவருக்கும் அளந்த பொருளுக்கும் நடுவே என்ன இருந்தது? யார் சரிபார்த்தார்கள்?" என்று கேட்போம். நடுவில் இருக்கும் திரையை இல்லை என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். அதையும் அளந்து கணக்கில் சேர்த்தால் அதுவே நமக்கு ஆசிரியையாகிவிடும். இயற்பியலையும் புவியியலையும் கற்கும் நம் மாணவியருள் சிலர், நாளை அந்த வரைபடங்களை வரையும் மேசையில் அமரக்கூடும். அப்போது நீல வண்ணத்தில் தெரியும் அந்தத் தகரக் கூரைத் தெருவை அவர்கள் இன்னொரு முறை உற்றுப் பார்ப்பார்களாக!